பிஆர் வந்தாச்சு, குடும்பம் இன்னும் ஊரில்: வரி யாருக்கு, சந்தா எதற்கு?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில், எனக்கு நாலு மாடி கீழே ஒரு தம்பி குடியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஏழெட்டு வருடம் இபாஸ் என்ற வேலை அனுமதியில் ஓட்டிய பிறகு போன வருடம் அவருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து பிஆர், அதாவது நிரந்தரவாசத் தகுதி, கிடைத்தது. மனைவி லவெண்டரில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து வேலைகளை முடித்து, நீல ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிக்கொண்டு, மூன்றாம் வாரமே மகளோடு திருச்சி விமானம் ஏறிவிட்டார். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மனைவி அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், ஆண்டு நடுவில் வேலையை விட்டுவிட்டு வரவும் முடியாது.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கையில் ஒரு கடிதத்தோடு கதவைத் தட்டினார். மனைவி பெயருக்கு வந்த கடிதம். உறையை அவசரமாகப் பிய்த்ததில் முகவரியில் பாதி கிழிந்திருந்தது. உள்ளே மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தா விவரம்.

“அண்ணே, அவ இந்த ஊர்லயே இல்ல. ஒரு காய்ச்சல்னு பாலிகிளினிக் வாசலக்கூட மிதிச்சதில்ல. எதுக்குண்ணே காசு கேக்குறாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: “அப்ப அவ அங்க வாங்குற சம்பளத்துக்கும் இங்க டேக்ஸ் கட்டணுமா?”

முதல் கேள்விக்குப் பதில், கட்டத்தான் வேண்டும். இரண்டாவதற்கு, ஒரு காசு வேண்டாம். ஒரே ஐசிதான், ஒரே ஆள்தான், பதில் மட்டும் இரண்டு விதம். கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் இந்தக் குழப்பத்தை வருடா வருடம் பார்க்கிறேன். பலர் பயந்துகொண்டு கட்டத் தேவையில்லாத வரியை நினைத்துத் தூக்கம் இழக்கிறார்கள். வேறு சிலர் கட்ட வேண்டிய சந்தாவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பிஆர் என்ற அந்தஸ்து எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்ற நினைப்பு. சிங்கப்பூரில் மருத்துவக் காப்பீடு ஐசியைப் பார்க்கிறது. வருமான வரியோ ஆள் எங்கே இருக்கிறார், எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதைப் பார்க்கிறது.

முதலில் சந்தாவைப் பார்ப்போம். மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு, 1990 முதல் இருந்த மெடிஷீல்டில் வயது வரம்பு இருந்தது, ஏற்கெனவே நோய் இருந்தவர்களுக்கு இடம் கிடைக்காமலும் போனது. புதிய திட்டம் அதையெல்லாம் எடுத்துவிட்டது. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் ஆயுள் முழுக்க இதில் உண்டு. சர்க்கரை, இதயநோய், புற்றுநோய் எது இருந்தாலும் உண்டு. அப்படி எல்லாரையும் சேர்க்க வேண்டுமானால் எல்லாரும் சந்தா கட்டினால்தான் நடக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது விலகி, படுத்துக்கொண்டதும் வந்து சேர்கிற வசதி இருந்தால் அந்த நிதி நாலு வருடம் தாங்காது. அதனால்தான் வேண்டாம் என்று சொல்லும் வழி இதில் வைக்கப்படவில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவரும் கணக்கில் வருகிறார். பிஆர் ஆன அன்றே காப்பீடு தொடங்கிவிடுகிறது. விண்ணப்பமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

தம்பியின் மனைவிக்கு வயது 34. 2021ல் 31 முதல் 40 வயதுப் பிரிவுக்கு, மானியத்துக்கு முன், ஆண்டுச் சந்தா 390 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக) இருந்தது. 2025 ஏப்ரல் முதல் இது படிப்படியாக ஏறுகிறது. கூடவே ஆண்டுக்குக் கோரக்கூடிய உச்சத்தொகையும் 1,50,000 வெள்ளியில் இருந்து 2,00,000 வெள்ளியாக உயர்ந்தது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குச் சந்தாவில் மானியம் உண்டு, ஆனால் நிரந்தரவாசிக்குக் கிடைப்பது குடிமகனுக்குக் கிடைப்பதில் பாதி. பிஆர் வாங்கும்போதே கடுமையான நோய் இருந்தவர் பத்து ஆண்டுக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். இதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், புற்றுநோய் வந்து போன ஒருவரை வேறு எந்தத் தனியார் நிறுவனமும் இந்த விலைக்கு ஏற்றுக்கொள்ளாது.

இப்போது வலிக்கும் இடம். இந்தக் காப்பீடு வெளிநாட்டு மருத்துவச் செலவைத் தருவதில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த டீச்சர் நாளைக்குப் பித்தப்பைக் கல்லுக்குப் படுத்தால் மெடிஷீல்டு லைஃபில் இருந்து ஒரு வெள்ளி வராது. சந்தா மட்டும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பிஆர் கிடைத்தவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு: ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். “அதான் சிங்கப்பூர் இன்சூரன்ஸ் வந்துருச்சே” என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால், முன்பிருந்தே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே பல வருடம் ஓடிய பாலிசியை விட்டால் அந்தக் காத்திருப்பு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

இதே வகையில் இன்னொரு அரசுத் திட்டம் இருக்கிறது, அது நேர்மாறாக நடந்துகொள்கிறது. கேர்ஷீல்டு லைஃப். 1980ல் அல்லது அதற்குப் பிறகு பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 30 வயதில் இருந்து தாமாகவே இதில் வருகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாத நிலை வந்தால், அந்த நிலை நீடிக்கும்வரை மாதாமாதம் பணம் வரும். 2020ல் தொடங்கியபோது அது மாதம் 600 வெள்ளி, பிறகு ஆண்டுதோறும் கூடிவந்திருக்கிறது. இந்தப் பணம் ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் கிடைக்கும். ஆக, தம்பியின் மனைவிக்கு ஊரில் பயன்படாத காப்பீடு ஒன்று, ஊரிலும் பயன்படும் காப்பீடு ஒன்று. இரண்டுக்கும் சந்தாவை மெடிசேவிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிவைக்கும் கணக்கிலிருந்து, கட்டலாம்.

யாருடைய மெடிசேவ் என்பதுதான் அடுத்த சிக்கல். அவர் இங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை, கணக்கில் பூஜ்ஜியம். கணவர் தன் மெடிசேவில் இருந்து மனைவிக்கும் பிள்ளைக்கும் கட்டலாம். ஆனால் அவர் கணக்கும் புதுசு. புதிய பிஆருக்கு சிபிஎஃப் (மத்திய சேமநிதி) முதல் இரண்டு ஆண்டும் குறைந்த விகிதத்தில்தான் போகும். 55 வயது வரை உள்ளவருக்கு முதல் ஆண்டில் ஊழியர் பங்கு 5 விழுக்காடு, முதலாளி பங்கு 4. இரண்டாம் ஆண்டு 15, 9. மூன்றாம் ஆண்டில் இருந்துதான் முழுசாக 20, 17. மாதம் 6,000 வெள்ளி வாங்குபவருக்கு முதல் ஆண்டில் மாதம் 540 வெள்ளிதான் உள்ளே போகிறது, மூன்றாம் ஆண்டில் 2,220. இந்த 540 மூன்று கணக்குகளுக்குப் பிரிகிறது, மெடிசேவுக்கு விழுவது அதில் ஒரு பங்கு மட்டும். குடும்பம் முழுவதற்கும் சந்தா வரும் காலமும் மெடிசேவ் மெலிந்திருக்கும் காலமும் ஒன்றாக இருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலாளியும் ஊழியரும் சேர்ந்து விண்ணப்பித்தால் தொடக்கத்தில் இருந்தே முழு விகிதத்தில் கட்டலாம். கைக்கு வரும் சம்பளம் குறையும்தான், இருந்தாலும் ஊரில் இரண்டு மூன்று பிஆர்களை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதை யோசிக்கச் சொல்வேன்.

இன்னொன்று. சந்தா கட்டாமல் விட்டாலும் காப்பீடு நின்றுவிடாது, ஆனால் பாக்கி பாக்கியாகவே நிற்கும், வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கடிதம் பதிவுசெய்த முகவரிக்குத்தான் வரும். முகவரி மாறினால், வெளிநாட்டுக்கே மாறினாலும், 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாடகை வீடு மாறிய பிறகு பழைய வீட்டு அஞ்சல் பெட்டியில் மனைவி பெயருக்குக் கடிதங்கள் குவிந்துகிடந்த கதைகள் நிறைய. ஊருக்குப் போகும் முன்பே அவருடைய சிங்பாஸை (அரசு இணையச் சேவைகளுக்கான மின்னடையாளத்தை) திறந்து, அவர் கைபேசியிலேயே வைத்துக்கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சரி, வரிக்கு வருவோம்.

சிங்கப்பூரில் கிளைக்கும் வருமானத்துக்கு இங்கே வரி. வேலை வருமானம் எங்கே கிளைக்கிறது என்றால், வேலை எந்த மண்ணில் செய்யப்படுகிறதோ அங்கே. மன்னார்குடிப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வாங்கும் சம்பளம் இந்தியாவின் வருமானம். அவர் கையில் நீல ஐசி இருப்பது அதை மாற்றாது. அந்தப் பணத்தை அவர் இங்கே அனுப்பி, இங்குள்ள வங்கிக் கணக்கில் போட்டாலும், தனிமனிதர் வெளிநாட்டில் ஈட்டி இங்கே கொண்டுவரும் வருமானத்துக்கு 2004 முதல் வரிவிலக்கு இருக்கிறது. அவருக்கு இங்கே வருமானமே இல்லை. தம்பிக்குச் சலுகைகூட உண்டு: ஆண்டு வருமானம் 8,000 வெள்ளிக்கு மேல் இல்லாத மனைவியைத் தன் காசில் பராமரிக்கும் கணவர் 2,000 வெள்ளி கழித்துக்கொள்ளலாம், மனைவி ஊரில் இருந்தாலும் சரி. ஆனால் இந்த 8,000ல் ஊர்ச் சம்பளமும் சேரும், அதனால் டீச்சர் சம்பளத்தை வெள்ளியாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்பா அம்மாவுக்கான கழிவு வேறு மாதிரி: அவர்கள் சிங்கப்பூரில் வாழ்ந்தால்தான் கிடைக்கும். ஊரில் உள்ள பெற்றோருக்கு மாதாமாதம் தேக்காவில் வரிசையில் நின்று பணம் அனுப்புபவருக்கு அது கிடையாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் வாடுகிறது, எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் நிறுவனத்துக்கு ஊரில் இருந்தபடியே கணினியில் வேலை பார்ப்பவர்களும் இப்போது அதிகம். அவர்களுக்கும் அதே விதிதான். சம்பளம் இங்கிருந்து வந்தாலும் வேலை திருச்சியில் நடக்கிறது, இந்தியாதான் வரி கேட்கும், இங்கே சிபிஎஃபும் கட்டாயமில்லை. சிபிஎஃப் இல்லையென்றால் மெடிசேவ் நிரம்பாது, சந்தா மட்டும் வந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இங்குள்ள வேலையின் பகுதியாக ஒரு வாரம் சென்னைக் கூட்டத்துக்குப் போய்வருவது வேறு, அந்தச் சம்பளம் சிங்கப்பூர் வருமானம்தான்.

ஒரு பொறியைச் சொல்லாமல் விடக் கூடாது. சிலர் இங்கே சொந்தமாக ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி, ஊரில் இருக்கும் மனைவியை இயக்குநராகப் போட்டு, அவர் பெயரில் இயக்குநர் கட்டணம் எழுதுகிறார்கள். அவர் ஒரு நாளும் இங்கே கால் வைக்காவிட்டாலும் அந்தக் கட்டணம் சிங்கப்பூர் வருமானம். வரிக்கு இங்கே வசிக்காதவர் என்ற கணக்கில் வருவதால் 24 விழுக்காட்டை நிறுவனமே பிடித்துக் கட்ட வேண்டும். இங்கே வசிப்பவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. வசிக்காதவரின் இயக்குநர் கட்டணத்துக்கு முதல் வெள்ளியில் இருந்தே 24 விழுக்காடு. வரியை மிச்சப்படுத்தலாம் என்று செய்வது, தலைகீழாக முடிகிறது.

உண்மையில் வரியில் கவனம் வேண்டியது இந்தியப் பக்கம். அந்த டீச்சர் இந்தியாவில் வசிப்பவர். இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர் உலகம் முழுவதிலும் உள்ள வருமானத்தையும், வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும். பிஆர் கிடைத்த வாரத்தில் தம்பி ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, இங்குள்ள தன் சேமிப்புக் கணக்கில் மனைவி பெயரையும் சேர்த்திருந்தார். “ஆத்திர அவசரத்துக்கு ஆகும்ல?” நியாயம்தான். ஆனால் அன்றில் இருந்து அந்தக் கணக்கு மனைவியின் இந்திய வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் போக வேண்டும். வட்டி வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். டீச்சர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் அந்த அட்டவணையே இல்லை. ஐடிஆர்-2 போட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் எழுதிவைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் இருந்து, வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. தம்பியின் கணக்கில் இருந்தது அதைவிடக் குறைவு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆனாலும் காட்டத்தான் வேண்டும். வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் சிங்கப்பூர் 2018 முதல் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது.

அப்புறம் நாள் கணக்கு. சிங்கப்பூரின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரலில். இந்த மூன்று மாத இடைவெளியில்தான் பலர் வழுக்குகிறார்கள். இந்தியாவில் ஒரு வரி ஆண்டில் 182 நாள் இருந்தால் அந்த ஆண்டு முழுதும் வசிப்பவர். வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்படும் இந்தியக் குடிமகனுக்கு இந்த 182தான் கோடு. ஏப்ரல் 1ல் இருந்து எண்ணினால் செப்டம்பர் 28ல் 181 நாள் ஆகிறது. அதற்குள் விமானம் ஏறியவருக்கு, அதன் பிறகு இங்கே வாங்கும் சம்பளத்தை இந்தியா தொடாது. அக்டோபர் 10ல் ஏறியவருக்கு 193 நாள். அவர் அக்டோபரில் இருந்து மார்ச் வரை இங்கே வாங்கிய சம்பளம் இந்தியப் படிவத்திலும் ஏறும். இரண்டு நாட்டுக்கும் 1994ல் இருந்து இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வரி குறைவு, அங்கே கூடுதல். வித்தியாசத்தைக் கையில் இருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

வேலைக்காகப் புறப்படாமல் கணவரோடு சேர்ந்து வாழ வருபவருக்கு இன்னொரு கோடு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், இந்த ஆண்டில் 60 நாள் இருந்தாலே வசிப்பவர். ஊரிலேயே வாழ்ந்தவருக்கு அந்த 365 எப்போதோ நிரம்பியிருக்கும். ஏப்ரல் 30 நாள், மே 30 நாள், அவ்வளவுதான், 60 ஆகிவிட்டது. மே 30 அன்று கிளம்பி, ஜூலையில் இங்கே வேலை கிடைத்து, மார்ச் வரை சம்பளம் வாங்கினால், அந்தச் சம்பளம் அத்தனையும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டியதாகிவிடும். பத்து நாள் முன்பு கிளம்பியிருந்தால், நடுவில் ஊருக்கு நீண்ட நாள் போய்த் தங்காத வரை, அந்தப் பிரச்சினையே இல்லை. 1961ன் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ன் புதிய சட்டம் வருகிறது, ஆனால் இந்த நாள் கணக்கு அதிலும் தொடர்கிறது.

இதே கேள்வியோடு வேறு ஒரு கூட்டமும் என்னிடம் வருவதுண்டு: அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மகளோ மனுப்போட்டு கிரீன் கார்டு வாங்கி, இன்னும் சிங்கப்பூரிலேயே குடியிருப்பவர்கள். அவர்களிடம் சிங்கப்பூர்க் கணக்கை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். அமெரிக்காவில் வரிதான் அட்டையைப் பார்க்கிறது. கிரீன் கார்டு கையில் இருந்தால், தோ பாயோவில் உட்கார்ந்து சம்பாதிக்கும் சம்பளம், இங்குள்ள வீட்டு வாடகை, வைப்புநிதி வட்டி எல்லாம் அங்கே கணக்கில் ஏறும். வெளிநாட்டில் வாழ்பவரின் உழைப்பு வருமானத்தில் 2025க்கு 1,30,000 டாலர் வரை விலக்குக் கேட்கலாம், ஆனால் அதைக் கேட்பதற்கே படிவம் போட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் விரிவான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது என்பதால், ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிக்கும் வழியும் இல்லை. மருத்துவமோ அங்கே குடியிருப்பைப் பார்க்கிறது. காப்பீடு எடுக்காதவருக்கு மத்திய அரசு விதித்த அபராதம் 2019 முதல் பூஜ்ஜியம், வெளிநாட்டில் வாழ்பவர் அரசுச் சந்தையில் காப்பீடு வாங்கவும் முடியாது. அங்கே வேலை பார்த்துச் சேர்த்த கணக்கு இல்லாமல் 65 வயதில் போய் இறங்கும் தாய்க்கு, ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்த பிறகுதான் காசு கட்டி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேரவே முடியும். எழுபது வயது அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஐந்து ஆண்டும் என்ன செய்வது என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

தம்பியிடம் இத்தனையும் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. கைபேசியிலேயே சிபிஎஃப் பக்கத்தைத் திறந்து, மனைவி, மகள் இருவர் சந்தாவுக்கும் தன் மெடிசேவைக் கொடுத்தார். அப்புறம் ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டார். பின்னால் தம்பியின் அம்மா கைத்தடியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் மெல்ல நடப்பது தெரிந்தது. “பள்ளிக்கூடம் எப்ப முடியுது? ஏப்ரல் கடைசியா? சரி, அம்மாவ அக்கா வந்து பாத்துக்கிறேன்னு சொல்லிருச்சு. மே பதினஞ்சுக்குள்ள டிக்கெட் போடுறேன், அதுக்கு மேல ஒரு நாள் தள்ள வேணாம். ஏன்னு அப்புறம் சொல்றேன், அண்ணன் பக்கத்துல இருக்காரு.”

அந்தப் பக்கம் அவர் கேட்டது எனக்கும் கேட்டது: “இங்க இருக்குற என் ஹெல்த் இன்சூரன்ஸ் ரெனியூவல் அடுத்த மாசம் வருதே, கட்டவா, விடவா?”

தம்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“கட்டிருமா,” என்றார்.